சூரியனை நடுவுல கொண்டுபோய் வெச்சது தத்துவமா, கணக்கா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி மொட்டைமாடியில டெலஸ்கோப் வெச்சு நாலு பேருக்கு சனியோட வளையத்த காட்டினா போதும், அஞ்சாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் "பூமி தான் சூரியன சுத்துதுன்னு கோபர்நிகஸ் இப்படி பாத்து தானே சார் கண்டுபிடிச்சார்"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அதுல இருந்து கிளம்புற கேள்விகள் தான் கீழ இருக்கு. ஒவ்வொரு தடவையும் வாயால சொல்லி சொல்லி அலுத்துப்போய் எழுதி வெச்சுட்டேன்.

கோபர்நிகஸ் டெலஸ்கோப்ல பாத்தாரா இல்லையா?

இல்லைங்க. அவர் 1543-ல இறந்துட்டார், டெலஸ்கோப்ங்கற சாமான் வெளிய தெரிய வந்ததே 1608-ல ஹாலந்துல தான். அவரோட பெரிய புத்தகத்துல அவரே வானத்த பாத்து சேத்த பதிவுகள் முப்பதுக்கும் கம்மி, மிச்சத்துல பெரும்பாலும் 1400 வருஷத்துக்கு முன்னாடி அலெக்சாண்ட்ரியாவுல இருந்த, பூமிய நடுவுல வெச்சு கணக்கு போட்ட டாலமி விட்டுட்டுப் போனது தான். அதே பழைய டேட்டா, புதுசா ஒரு ஆதாரமும் கையில இல்ல, கிரகம் எங்க இருக்கும்னு கணிக்கறதுலயும் டாலமிய விட பெருசா ஒண்ணும் முன்னேறிடல. அப்படியிருக்க இந்த மனுஷன் எந்த தைரியத்துல பூமிய தூக்கி நகத்தினார்ங்கறது தான் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, எந்த தைரியத்துல?

முதல் காரணம் கேட்டா சப்புன்னு இருக்கும். சூரியன் மேல பக்தியெல்லாம் இல்ல, டாலமியோட ஒரு டிரிக் மேல எரிச்சல். அத ஈக்வண்ட்னு சொல்வாங்க.

திருவிழா ராட்டினத்த நினைச்சுக்கோங்க. நடுக்கம்பத்த சுத்தி குதிரை வருது. ஆனா கம்பத்துகிட்ட நின்னு பாத்தா குதிரை ஒரு பக்கம் வேகமாவும் இன்னொரு பக்கம் மெதுவாவும் போகுது, கம்பத்துல இருந்து ரெண்டடி தள்ளி ஒரு கல்லு கிடக்கு, அந்த கல்லு மேல ஏறி நின்னு பாத்தா மட்டும் ஒரே சீரா சுத்துற மாதிரி தெரியுது. அந்த கல்லு தான் ஈக்வண்ட். பூமி எங்கன்னா கம்பத்துக்கு அந்தப் பக்கம் அதே ரெண்டடி தள்ளி. டாலமிக்கு கணக்கு சரியா வந்துது, அவர் நிம்மதியா இருந்துட்டார்.

கோபர்நிகஸுக்கு இது பொறுக்கல. ஏன்னா பிளேட்டோ காலத்துல இருந்து ஒரு விதி இருக்கு: வானத்துல இருக்கறது குறையே இல்லாத பொருள், அதனால அது வட்டத்துல தான் சுத்தணும், அதுவும் தன் வட்டத்தோட மையத்த சுத்தி ஒரே வேகத்துல சுத்தணும். அரிஸ்டாட்டில் அதுக்கு இயற்பியல் முலாம் பூசினார். வானம் ஈதர்னு அழியாத ஒரு பொருளால ஆனது, வட்டத்துக்கு ஆரம்பமும் இல்ல முடிவும் இல்ல, ரெண்டும் பொருத்தமா இருக்குன்னு. 1514-க்கு முன்னாடியே நண்பர்கள் கையில சுத்திட்டு இருந்த சின்ன குறிப்பேட்டுலயே கோபர்நிகஸ் இந்த ஈக்வண்ட் புகாரோட தான் ஆரம்பிக்கிறார்.

இதுல சிரிப்பு என்னன்னா அந்த ஈக்வண்ட் உண்மைக்கு ரொம்ப பக்கத்துல இருந்த விஷயம். கிரகம் சூரியன் கிட்ட வரும்போது வேகமாவும் தள்ளிப் போகும்போது மெதுவாவும் தான் நிஜமாவே போகுது. அதாவது தத்துவத்த நம்பி அவர் தூக்கிப் போட்டது நல்ல பாகத்த, கட்டிக் காப்பாத்தினது தப்பான பாகத்த. ஆனாலும் அந்த எரிச்சல் இல்லேன்னா மொத்தத்தையும் பிரிச்சு மேஞ்சிருக்கவே மாட்டார்.

அதுக்கு ஈக்வண்ட மட்டும் சரி பண்ணிட்டு போயிருக்கலாமே, பூமிய எதுக்கு தொடணும்?

நல்ல கேள்வி. அத மட்டும் சரி பண்ணவங்க இருந்தாங்க. 1259-ல இரான் பக்கம் மராகாவுல கட்ட ஆரம்பிச்ச வானாய்வுக் கூடத்துல நசீருத்தீன் தூசி, அப்புறம் டமாஸ்கஸ்ல இப்னு அல்-ஷாதிர், ரெண்டு பேருமே ஈக்வண்ட் இல்லாம பூமிய அதே எடத்துல வெச்சுக்கிட்டே மாடல் போட்டாங்க. கோபர்நிகஸோட சந்திரன் மாடலும் இப்னு அல்-ஷாதிரோடதும் கணக்குல கிட்டத்தட்ட ஒண்ணு.

அதுக்கு மேல அவர ஒரு அடி தள்ளினது இன்னொரு ஆசை, மொத்தமும் ஒரே உடம்பா பொருந்தணும்ங்கற ஆசை. போப் மூன்றாம் பாலுக்கு எழுதின முன்னுரையில சொல்றார், இப்ப இருக்கற வானியல் ஒருத்தரோட கை, இன்னொருத்தரோட கால், வேற யாரோட தலைன்னு தனித்தனியா நல்லா வரைஞ்சு ஒண்ணா ஒட்டின மாதிரி இருக்கு, வர்றது மனுஷன் இல்ல பூதம்னு. டாலமி முறையில ஒவ்வொரு கிரகமும் தனி கணக்கு, எது எவ்வளவு தூரம்னு கட்டாயமா வராது. சூரியன நடுவுல வெச்சதும் சுத்துற காலப்படி தானா வரிசை கட்டுது: புதன் 88 நாள், சுக்கிரன் 225 நாள், பூமி ஒரு வருஷம், செவ்வாய் கிட்டத்தட்ட 2, வியாழன் 12, சனி ஏறக்குறைய 30. அதோட நம்ம ஜோசியக்காரங்க வக்ரம்னு சொல்வாங்களே, கிரகம் பின்னாடி போற மாதிரி தெரியறது, அதுக்கு தனியா ஒரு குட்டி வட்டம் போட வேண்டிய வேலையே போச்சு. பஸ்ஸுல போகும்போது பக்கத்துல போற சைக்கிள ஓவர்டேக் பண்ணா சைக்கிள் பின்னாடி போற மாதிரி தெரியுதுல்ல, அவ்வளவு தான்.

அப்போ அவரோட முறை சிம்பிள் தானே?

ஸ்கூல் புத்தகத்துல போடற படம் சிம்பிள். நிஜத்துல ஈக்வண்ட தூக்கினதுக்கு ஈடா குட்டி குட்டி வட்டமா சேத்துட்டே போனார். அந்த குறிப்பேட்டுலயே 34 வட்டத்துல மொத்த வானத்தையும் சொல்லிடலாம்னு பெருமையா முடிக்கிறார், பின்னாடி வந்த பெரிய புத்தகம் அத விட சிக்கல். இன்னொண்ணு, கணக்குல நடுவுல இருக்கறது நிஜ சூரியன் கூட இல்ல, பூமியோட வட்டத்து மையம், சூரியன் அதுக்கு பக்கத்துல சும்மா கிடக்கு. சூரிய மையக் கொள்கைன்னு பேரு வாங்கின முறையில சூரியனுக்கு வெளிச்சம் குடுக்கறத தவிர வேலையே இல்ல.

பித்தாகரஸ் ஆளுங்க முன்னாடியே சொல்லிட்டாங்கன்னு படிச்சேனே?

பாதி. பித்தாகரஸ் வழி வந்த பிலோலாஸ், கி.மு. 5-ம் நூற்றாண்டு ஆளு, பூமி நகருதுன்னு சொன்னார். ஆனா நடுவுல அவர் வெச்சது சூரியன இல்ல, நம்ம கண்ணுக்கே தெரியாத ஒரு 'நடு நெருப்ப'. சூரியனும் அத சுத்தி வருது. ஏன் நெருப்பு? மண்ண விட நெருப்பு உயர்ந்தது, உயர்ந்ததுக்கு தான் உயர்ந்த எடம். எண்ணிப் பாத்தா நட்சத்திரக் கோளத்தையும் சேத்து மொத்தம் 9 தான் வருது, 10 தான் முழுமையான எண் (1+2+3+4), அதனால 'எதிர்ப்பூமி'ன்னு ஒண்ண சேத்துட்டாங்க. இவங்க பாத்தத வெச்சு கொள்கை பண்ணல, கொள்கைக்கு ஏத்த மாதிரி வானத்த வளைக்கிறாங்கன்னு அரிஸ்டாட்டில் அப்பவே கடுப்படிச்சார், அந்த விஷயத்துல அரிஸ்டாட்டில் பக்கம் தான் நானும்.

ஆனா கோபர்நிகஸுக்கு இவங்க வேற விதத்துல உதவினாங்க. அந்த காலத்துல புதுசா சொல்றது பெருமை கிடையாது, பழசு தான் மரியாதை. 'பூமி நகருது'ன்னு தனி ஆளா சொன்னா கிறுக்கன், பிலோலாஸும் எக்ஃபான்டஸும் சொல்லியிருக்காங்கன்னா அறிஞர். முன்னுரையில பேர் பேரா சொல்றார். 1616-ல ரோம்ல போட்ட தடை உத்தரவுலயே இதுக்கு பேரு 'பித்தாகரஸ்காரங்களோட பொய்யான கொள்கை'. நண்பனுக்கும் சரி எதிரிக்கும் சரி அது ஒரு தத்துவக் கட்சி தான்.

நிஜமாவே சூரியன நடுவுல வெச்ச முதல் ஆளு யாரு?

சாமோஸ் தீவு அரிஸ்டார்க்கஸ், கி.மு. 3-ம் நூற்றாண்டு. அவர் இத சொன்ன நூல் கிடைக்கல, ஆர்க்கிமிடிஸ் ஒரு எடத்துல சொல்லி வெச்சதால தான் நமக்கு தெரியும். கிடைச்சிருக்கற இன்னொரு நூல்ல சூரியன் சந்திரன் தூரத்த அளக்கறார், சூரியனோட குறுக்களவு பூமிய விட ஆறேழு மடங்குன்னு வருது (நிஜத்துல 109 மடங்கு). அவ்வளவு பெரிசு எதுக்கு இத்துனூண்டு பூமிய சுத்தணும்னு அவருக்கு தோணியிருந்தா அது தத்துவமும் இல்ல பக்தியும் இல்ல, நேரா அளவு. எனக்கு அவர ரொம்ப பிடிக்கும். கோபர்நிகஸ் கையெழுத்துப் பிரதியில அவர் பேர எழுதி அந்த பகுதிய அடிச்சுட்டார், அச்சுல வரல.

சூரிய பக்தி தான் காரணம்னு ஒரு வாதம் இருக்கே, பிளேட்டோ, ஹெர்மிஸ்னு?

இருக்கு, வெறும் கதையும் இல்ல. பிளேட்டோ நன்மைங்கற பெரிய தத்துவத்துக்கு உவமையா சொன்னது சூரியன. 15-ம் நூற்றாண்டுல புளோரன்ஸ்ல ஃபிசினோங்கற தத்துவ அறிஞர் பிளேட்டோவையும், எகிப்து முனிவர் ஹெர்மிஸ் எழுதினதா நம்பின சுவடிகளையும் லத்தீன்ல கொண்டுவந்தார் (அந்த சுவடிகள் அவ்வளவு பழசே இல்ல, கிறிஸ்துவுக்கு அப்புறம் எழுதினதுன்னு 1614-ல கசோபன்ங்கற மொழி அறிஞர் மொழிநடைய வெச்சே புட்டு வெச்சார்). கோபர்நிகஸ் 1496-ல இத்தாலிக்கு படிக்கப் போறப்ப இந்த காத்து நல்லா வீசுது. அவரோட முதல் பாகம் 10-வது அத்தியாயத்துல கேக்கறார், இவ்வளவு அழகான கோயில்ல விளக்க வேற எங்க வைப்பீங்க, மொத்தத்துக்கும் ஒரே நேரத்துல வெளிச்சம் விழற எடத்துல தானேன்னு. அப்படியே ஹெர்மிஸ் சூரியன கண்ணுக்கு தெரியற கடவுள்னு சொன்னதையும் இழுத்து விடறார். படிச்சா கிட்டத்தட்ட ஸ்தோத்திரம்.

ஆனா அது மொத்தமே சில வரி. சுத்தி ஆறு பாகம் ஜியோமெட்ரி. அதோட ரெண்டு ஆளுங்கள பாருங்க. ஃபிசினோ சூரியன பத்தி தனி நூலே எழுதினார், பூமி நடுவுல தான்னு நம்பிட்டு தான் எழுதினார். ஸ்டோயிக் தத்துவக்காரர் கிளியாந்தஸ் பிரபஞ்சத்த ஆள்ற பகுதியே சூரியன் தான்னு சொன்னவர், அதே ஆளு தான் அரிஸ்டார்க்கஸ் மேல தெய்வ நிந்தனை வழக்கு போடணும், பிரபஞ்சத்தோட அடுப்பையே நகத்திட்டார்னு குதிச்சதா புளூட்டார்க் எழுதறார். சூரியன கும்பிடறதும் சூரியன நடுவுல வைக்கறதும் வேற வேற வேலை. பக்தி மட்டும் போதும்னா இந்த ரெண்டு பேரும் எப்பவோ பூமிய நகத்தியிருக்கணும்.

பூமி சுத்தினா நாம தூக்கி எறியப்பட மாட்டோமான்னு யாரும் கேக்கலையா?

கேட்டாங்க, அதுவும் தத்துவம் தான். அரிஸ்டாட்டில் படி கனமான பொருள் பிரபஞ்சத்தோட நடுவுக்கு போகும், அதனால தான் கல்லு கீழ விழுது. பூமி நடுவுல இல்லேன்னா கல்லு எங்க விழும்? கோபர்நிகஸ் கிட்ட இதுக்கு ஆதாரம் கிடையாது, பதிலுக்கு வேற தத்துவம் வெச்சார். கனம்ங்கறது துண்டுகள் தன்னோட முழுமையோட சேரணும்னு படற ஆசை, அது சூரியன் சந்திரன் கிட்டயும் இருக்கு. கோளத்துக்கு சுத்தறது இயல்பு, இயல்பா நடக்கறது எதையும் பிய்க்காது. பூமி பிஞ்சிடும்னு பயப்படறீங்களே, அத விட பல மடங்கு பெரிய வானம் ஒரே நாள்ல சுத்துனா அது பிய்யாதான்னு திருப்பிக் கேட்டார். மடக்குறதுக்கு சரி, இயற்பியலா பாத்தா காலியான பாத்திரம். கலிலியோவும் நியூட்டனும் வந்து தான் நிரப்பினாங்க.

பூமிய நடுவுல இருந்து தள்ளி மனுஷனோட கர்வத்த உடைச்சார்னு சொல்றாங்களே?

இது எனக்கு அலர்ஜி. பழைய படத்துல நடுங்கறது சிம்மாசனம் இல்ல, அடித்தளம், கசடு போய் தங்கற எடம். இத்தாலிய கவிஞர் தாந்தே நரகத்த வெச்சது பூமிக்குள்ள, சாத்தான் சரியா மையத்துல. கலிலியோ 1610-ல எழுதும்போது பூமி பிரபஞ்சத்தோட அழுக்கு தேங்கற குழி இல்லன்னு நிரூபிப்பேன்னு சந்தோஷமா சொல்றார். அவர் கண்ணுக்கு அது பிரமோஷன்.

புத்தகம் வந்ததும் எல்லாரும் ஏத்துக்கிட்டாங்களா?

எங்க! நியூரம்பெர்க்ல அச்சடிச்ச வேலைய மேற்பார்வை பாத்த ஆசியாண்டர்ங்கற பாதிரியார் பேர் போடாம ஒரு முன்குறிப்பு சொருகிட்டார்: இதெல்லாம் உண்மையா இருக்கணும்னு இல்ல, கணக்கு வந்தா போதும். பலபேர் கோபர்நிகஸே எழுதினதுன்னு நெனச்சாங்க. கோபர்நிகஸோட நண்பர் கீஸெ கொதிச்சுப்போய் புகார் பண்ணார், ஒண்ணும் நடக்கல. 1609-ல வானியலாளர் கெப்ளர் தான் தன் புத்தகத்துல பேர போட்டு உடைச்சார். இதுவும் ஒரு தத்துவச் சண்டை தான், வானியலாளர் வேலை கணிக்கறதா இல்ல உண்மைய சொல்றதா.

விட்டன்பெர்க்ல இருந்த வானியலாளர் ரெய்ன்ஹோல்டு இன்னும் சுவாரசியமான ஆளு. 1551-ல கோபர்நிகஸ் கணக்க வெச்சு பஞ்சாங்க அட்டவணையே போட்டார். ஆனா தன்னோட பிரதியில முதல் பக்கத்துல அவர் கைப்பட எழுதினது சூரியன பத்தி இல்ல: வான இயக்கம் சீரானது, வட்டமானது, இல்லேன்னா அப்படிப்பட்டதால ஆனது. அவருக்கு கோபர்நிகஸோட சாதனை ஈக்வண்ட ஒழிச்சது. பூமி நகர்ந்தத அவர் கண்டுக்கவே இல்ல.

புரூனோ?

சுருக்கமா. இத்தாலிய தத்துவக்காரர். 1600 பிப்ரவரி 17, ரோம்ல உயிரோட எரிச்சாங்க. கோபர்நிகஸ ஆதரிச்சார், எல்லையில்லாத பிரபஞ்சம், எண்ணிக்கையில்லாத உலகங்கள்னு போனார், ஆனா கணக்கு அவருக்கு கொஞ்சம் தகராறு. வழக்குல மதக் கொள்கை குற்றச்சாட்டுகளும் நிறைய இருந்தது, அதனால வானியலுக்காக மட்டும் செத்தார்னு சொல்றது பாதி கதை.

கெப்ளர் பத்தி சொல்லுங்க, அவர் சயின்டிஸ்டா இல்ல சாமியாரா?

இவர பத்தி பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்.

1595 ஜூலைல கிராட்ஸ்ல பாடம் எடுத்துட்டு இருக்கும்போது பொறி தட்டுது. கிரகம் ஏன் சரியா ஆறு? ஏன்னா பிளேட்டோ சொன்ன ஒழுங்கு திண்மங்கள் (கனசதுரம் மாதிரி எல்லா முகமும் ஒரே அச்சா இருக்கற உருவங்கள்) அஞ்சு தான், ஆறு கோளத்துக்கு நடுவுல அஞ்சு இடைவெளி! சனிக்கும் வியாழனுக்கும் நடுவுல கனசதுரம், அப்படியே உள்ள உள்ள. 1596-ல புத்தகமா போட்டுட்டார். தூரங்கள் ஓரளவு பொருந்தவும் செஞ்சுது, அது தான் வினை. 1781-ல யுரேனஸ் கிடைச்சப்ப அத பாக்க அவர் இல்ல. அதே புத்தகத்துல இன்னொண்ணு: சூரியன் பிதா, நட்சத்திரக் கோளம் சுதன், நடுவுல இருக்கற வெளி பரிசுத்த ஆவி. இது சும்மா அலங்காரம் இல்ல. பிதாகிட்ட இருந்து தானே சக்தி கிளம்பணும், அப்போ கிரகத்த தள்றது சூரியன், தள்ளிப் போகப் போக வேகம் குறையறது அதனால தான். அப்படின்னா கணக்கு போட வேண்டியது ஏதோ ஒரு வெத்துப் புள்ளிய வெச்சு இல்ல, நிஜ சூரியன வெச்சு. மேல சொன்னேனே கோபர்நிகஸ் சூரியன சும்மா போட்டு வெச்சிருந்தார்னு, அத சரி பண்ணது இந்த மதநம்பிக்கை.

அப்புறம் பிராகாவுல வானியலாளர் டைகோ பிராஹேயோட செவ்வாய் பதிவுகள் கைக்கு வருது. வெறும் கண்ணால எடுத்தது, ஆனா அத மாதிரி துல்லியம் அதுக்கு முன்னாடி கிடையாது. கெப்ளர் வட்டத்த விடல, கோபர்நிகஸ் விரட்டின ஈக்வண்டையே கூப்பிட்டு வந்து வேலை வாங்கினார். கடைசியில ஒரு எடத்துல 8 மினிட் உதைக்குது. ஒரு டிகிரியில 60-ல ஒரு பங்கு தான் ஒரு மினிட், பௌர்ணமி நிலாவோட அகலமே 30 மினிட், அதுல கால்வாசி. வேற யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க, 10 மினிட்டுக்குள்ள வந்தாலே எனக்கு குஷின்னு சொன்னவர் கோபர்நிகஸ். கெப்ளர் சொன்னது, டைகோ மாதிரி ஒருத்தர கடவுள் நமக்கு குடுத்திருக்கார், அந்த 8 மினிட்ட அலட்சியம் பண்ணக்கூடாது. தூக்கி எறிஞ்சது அந்த மாடல மட்டும் இல்ல, ரெண்டாயிரம் வருஷ வட்டத்தையே. 1609-ல நீள்வட்டம் அச்சுல வருது.

1619 புத்தகம் இன்னும் வேடிக்கை. கிரகங்களோட வேகத்துல சங்கீதம் தேடறார். சனியோட மெதுவான வேகமும் உச்ச வேகமும் 4-க்கு 5, பூமி பாடறது மி-ஃபா-மி, அதாவது துன்பம் பஞ்சம் துன்பம்னு லத்தீன்ல சிலேடை வேற. இந்த கச்சேரிக்கு நடுவுல, 1618 மே 15-ம் தேதி கிடைச்சது தான் மூணாவது விதி: காலத்தோட இருபடி தூரத்தோட முப்படிக்கு ஏத்தாப்புல போகும். வியாழன போட்டுப் பாருங்க, சூரியன்ல இருந்து பூமி இருக்கற தூரத்த 1-ன்னு வெச்சா தூரம் 5.2, முப்படி 140.6. காலம் 11.86 வருஷம், இருபடி 140.66.

1621-ல சின்ன வயசு புத்தகத்த மறுபதிப்பு போடும்போது ஒரு அடிக்குறிப்பு எழுதறார்: 'ஆன்மா'ன்னு இருக்கற எடத்துல 'விசை'ன்னு மாத்திப் படிச்சா என் வான இயற்பியல் அப்படியே நிக்கும்னு. இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு ஆள் தன் தத்துவத்த எங்க கொண்டுவந்து நிறுத்தினார்னு இந்த ஒரு குறிப்புலயே தெரிஞ்சுடும்.

கலிலியோவாவது தத்துவம் இல்லாம சுத்தமா ஆராய்ச்சி பண்ணாரா?

டெலஸ்கோப்புல பாத்தது சுத்தம் தான். வியாழனோட நாலு நிலா, சுக்கிரனுக்கு நிலா மாதிரியே பிறையும் பௌர்ணமியும். டாலமி அதோட அவுட். ஆனா கெப்ளரோட நீள்வட்டம் வந்து 23 வருஷம் ஆன பிறகும், 1632 புத்தகத்துல வட்டம் தான் இயற்கையோட ஒழுங்குன்னு ஒட்டிட்டு இருந்தார். சாமியார் மாதிரி பேசினவர் வட்டத்த விட்டார், சோதனை பண்ணவர் விடல.

நம்ம ஊர் நவகிரகத்துல நடுவுல சூரியன் தானே? ஆரியபட்டர் வேற இருக்காரே?

நவகிரகத்துல சூரியன் நடுவுல இருக்கறது தலைவனுக்கு குடுக்கற எடம். அதே மேடையில சந்திரனும் ராகு கேதுவும் கூட சூரியன சுத்தி தான் நிக்கறாங்க, பூமியே இல்ல. பிலோலாஸ் நெருப்புக்கு குடுத்த மரியாதை மாதிரி தான் இது. ஆரியபட்டர் 499-ல பூமி தன்னத்தானே சுத்துதுன்னு சொன்னார், ஓடத்துல போறவனுக்கு கரை பின்னாடி போற மாதிரி தெரியும்ங்கற உவமையோட. அது நிஜமான பெருமை. ஆனா அவர் கணக்கு பூமிய மையமா வெச்சது தான். கேரளாவுல நீலகண்ட சோமயாஜி, கோபர்நிகஸ் காலத்து ஆளு, அஞ்சு கிரகமும் சூரியன சுத்துது, சூரியன் பூமிய சுத்துதுன்னு ஒரு மாடல் வெச்சார். இருக்கற பெருமையே போதும்ங்க, இல்லாதத சேக்க வேண்டாம்.

கடைசியா, பூமி நகருதுன்னு நேரடி ஆதாரம் எப்போ தான் கிடைச்சுது?

பூமி நகர்ந்தா நட்சத்திரம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா கொஞ்சம் எடம் மாறி தெரியணும்னு கிரேக்கர் காலத்துலயே புரிஞ்சுது. தெரியலையே, ஏன்? நட்சத்திரங்க நினைச்சே பாக்க முடியாத தூரத்துல இருக்குன்னு அரிஸ்டார்க்கஸும் சொன்னார், கோபர்நிகஸும் சொன்னார். அன்னைக்கு அது சால்ஜாப்பு மாதிரி தான் இருந்திருக்கும். 1720-கள் கடைசியில பிராட்லி நட்சத்திர வெளிச்சம் சாய்ஞ்சு வர்றத வெச்சு பூமியோட ஓட்டத்த பிடிச்சார். அந்த எடமாற்றத்த அளந்தது 1838-ல பெஸ்ஸல், 61 சிக்னிங்கற நட்சத்திரத்துல. ஒரு ரூபா காச ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தள்ளி வெச்சா எவ்வளவு அகலம் தெரியுமோ அவ்வளவு. கோபர்நிகஸ் புத்தகம் ரோமோட தடைப் பட்டியல்ல இருந்து காணாம போனது 1835-ல, பெஸ்ஸலோட இந்த அளவுக்கு மூணு வருஷம் முன்னாடியே.